முட்டி ஆபரேஷன் ஆன நாய்: நொண்டும்போது பயம் வேண்டாம், ஓடத் துடிக்கும்போதுதான் கவனம்

கேள்வி: எங்கள் ப்ரூனோவுக்கு ஆறு வயது. லேப்ரடார், 38 கிலோ. வலது பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்து டிபிஎல்ஓ ஆபரேஷன் செய்தோம், இன்றோடு நான்கு நாள். காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறான். கணுக்கால் பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மலம் கழிக்கவில்லை. சென்னையில் முதல் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. பகலில் அம்மா மட்டும்தான் இருப்பார். ஐந்தாவது வாரத்தில் தீபாவளி வேறு. எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்:

உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் மூன்று விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம்.

கத்தி பட்டது முட்டியில். அங்கே கசிந்த ரத்தமும் நீரும் தோலுக்கு அடியிலேயே இறங்கி, மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் கணுக்காலில் வந்து தேங்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று குழி விழும். நாய் கத்தாது. தொடையின் உட்புறம் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தாலும் அதே கதைதான். ஒரு வாரத்தில் வடிந்துவிடும்.

மலச்சிக்கலுக்குக் காரணம், ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினி, மயக்க மருந்து, அப்புறம் கொடுத்த அபின் வகை வலி மருந்து. மூன்றும் சேர்ந்தால் குடல் மந்தமாகிவிடும். மூன்று, நான்கு நாள் போகாமல் இருப்பது சகஜம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: ஒற்றைப் பின்னங்காலில் குந்தி உட்கார்ந்து முக்குவது அவனுக்கு எவ்வளவு சிரமம்! வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் பல நாய்கள் அப்போதே போய்விடும். சாப்பாட்டில் வேகவைத்த மஞ்சள் பூசணி இரண்டு ஸ்பூன் மசித்துப் போடுங்கள். ஐந்தாம் நாளும் போகவில்லை, அல்லது முக்கி முக்கித் தவிக்கிறான் என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

காலை ஊன்றாதது நாலாம் நாளில் பெரிய விஷயமே இல்லை. அவனை வேகமாக நடக்கவிட்டால் மூன்று காலில் குதித்துக் குதித்துப் போவான். ஆமை வேகத்தில் நடத்திப் பாருங்கள், நான்காவது காலின் விரல் நுனியாவது தரையைத் தொடும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான நாய்கள் நொண்டிக்கொண்டாவது ஊன்ற ஆரம்பித்துவிடும். இரண்டு வாரம் முடிந்தும் தொடவே இல்லை என்றால் காட்டுங்கள்.

நான் கால்நடை மருத்துவன்தான், ஆனால் ப்ரூனோவை நேரில் பார்த்தவன் இல்லை. ஆபரேஷன் செய்தவர் எழுதிக் கொடுத்த தாளும் நான் சொல்வதும் மோதினால், தாளில் உள்ளதைச் செய்யுங்கள். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு: எங்கள் வீட்டு லேப்ரடார் பூந்திக்கு இரண்டு முட்டியிலும் இதே ஆபரேஷன் ஆனது. முதல் முட்டியில் நான் சொதப்பினேன்.

அதைச் சொல்வதற்கு முன் உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிபிஎல்ஓவில் கிழிந்த ஜவ்வை யாரும் தைப்பதில்லை. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், சுமார் 25 டிகிரி. மேட்டில் நிறுத்திய மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோமே, அதுதான் அந்த ஜவ்வின் வேலை. அது போனதும் ஒவ்வொரு அடிக்கும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்குகிறது. அதனால் எலும்பை வளைவாக அறுத்து, மேல்தளத்தைச் சுமார் 5 டிகிரிக்குத் திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். மேடே இல்லாத ரோட்டில் சக்கரத்துக்குக் கல் தேவையில்லை. பார்க்ளே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993இல் வெளியிட்ட முறை இது.

ஆகவே இப்போதைக்கு ப்ரூனோவை எலும்பு முறிந்த நாயாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அறுத்த இடம் கூடுவதற்குச் சுமார் எட்டு வாரம் ஆகும். சில பெரிய நாய்களுக்குப் பன்னிரண்டு வாரமும் ஆகலாம்.

சிக்கல் என்னவென்றால், வலி அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும். முட்டி வழுக்குவது ஆபரேஷன் மேஜையிலேயே நின்றுவிட்டது. வெட்டுக்காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்றாவது வாரத்தில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு, "நான் சரியாகிவிட்டேன், கதவைத் திற" என்று உங்களைப் பார்க்கும். அதற்குத் தன் எலும்பு பாதிதான் கூடியிருக்கிறது என்று தெரியாது. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை நீங்கள் ஜெயிலராக இருந்தே ஆக வேண்டும். முதல் வாரம் எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். நாய் பாவமாகப் படுத்திருக்கும், வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கோட்டை விடுவது நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான்.

நான் விட்டதும் அப்போதுதான். பூந்தி நன்றாக நடந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், "பத்து நிமிஷம் ஹாலில் இருக்கட்டுமே" என்று தடுப்பைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. கூரியர்காரர். சோபாவுக்கு மேலே ஒரு தாவு, அங்கிருந்து வழவழ டைல்ஸில் ஒரு குதி, நான்கு காலும் நான்கு திசையில். பிளேட் தப்பித்தது. ஆனால் முட்டிச்சில்லின் நாண் வந்து பற்றுகிற எலும்பு மேட்டில் விரிசல். மறுபடி ஆறு வாரம் சிறை. என்னிடம் வருகிற எத்தனை பேருக்கு "அவிழ்த்துவிடாதீர்கள்" என்று சொல்லியிருப்பேன்! வீட்டில் என் மனைவி அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னிடம் பூந்தியைப் பற்றி மட்டும்தான் பேசினாள், அதுவும் தேவைக்கு மட்டும்.

சரி, வீட்டு ஏற்பாட்டுக்கு வருவோம்.

ஹாலின் ஒரு மூலையில் ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்குங்கள். எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும், ஓட இடம் இருக்கக் கூடாது. கூண்டு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. இரண்டு பக்கம் சுவர், மூன்றாவது பக்கம் கட்டில், நாலாவது பக்கம் பழைய பிளைவுட் கதவு என்று அடைத்தவர்களும் உண்டு. பிளைவுட் அவன் நின்றால் மோவாய் உயரத்துக்காவது இருக்கட்டும், தாண்டலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். லேப்ரடாருக்கு மனிதர்கள் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் குரைத்தே அப்பார்ட்மென்டைக் கூட்டிவிடுவான்.

தரைதான் நம் ஊர் வீடுகளின் பெரிய எதிரி. டைல்ஸ், கிரானைட், மொசைக், எதுவானாலும் நாய்க்கு அது ஐஸ்தான். ஜமக்காளம், கோணிப்பை, செய்தித்தாள் எல்லாம் தானே வழுக்கும், நாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மீட்டர் கணக்கில் விற்கிற ரப்பர் மேட் வாங்கி, அவன் மூலையிலிருந்து வாசல்வரை ஒரு பாதைபோல் விரித்துவிடுங்கள். பழைய யோகா மேட் இருந்தாலும் போதும். நகத்தை வெட்டுங்கள். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியையும் வெட்டிவிடுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, அந்த முடிதான் செருப்பில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்குவது. வீடு துடைத்த ஈரம் காய்கிறவரை அவன் மூலையை விட்டு வெளியே வரக் கூடாது. உங்களுக்கு இது மழைக்காலமாகவும் இருக்கும், வெளியே போய்வந்ததும் நாலு பாதத்தையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

அப்புறம் காலிங் பெல். இன்றைக்கே அதன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வாசலில் "பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்" என்று ஒரு தாள். பால்கனி கிரில் வழியே தெரு நாய்களைப் பார்த்து எகிறுகிற பழக்கம் இருந்தால், கிரிலுக்குப் பழைய பெட்ஷீட் கட்டி மறையுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இரண்டே விதிகள் போதும். தனியாக இருக்கும்போது தடுப்பைத் திறக்கக் கூடாது. அவனைத் தூக்க முயலக் கூடாது. 38 கிலோ நாயைத் தூக்கி அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் இரண்டு நோயாளி ஆகிவிடும். வளர்ந்த நாயால் ஏழெட்டு மணி நேரம் சிறுநீரை அடக்க முடியும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, மாலை வந்ததும் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை. மதியம் ஒரு தடவை கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுத் தம்பி யாராவது கிடைத்தால் நல்லது. "பாவம், வாயில்லாத ஜீவனைக் கட்டிப் போட்டிருக்கிறீர்களே" என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். அம்மாவே சொல்வார், பார்த்துக்கொண்டே இருங்கள். அந்தப் பாவத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு. முதல் இரண்டு வாரம் அவன் படியில் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை கிடைத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான போர்வையை விரித்து, அதில் அவனைப் படுக்கவைத்து, முன்பக்கம் ஒருவர் பின்பக்கம் ஒருவர் பிடித்து ஸ்ட்ரெச்சர்போல இறக்குங்கள். தலை எப்போதும் மேல்படி பக்கம் இருக்கட்டும், அவனுக்குப் பயம் குறையும். நாய் போர்வையில் அடங்காமல் திமிறினால் மட்டும் துண்டை வைத்து நடத்தலாம். நீளமான குற்றாலத் துண்டு அல்லது பழைய வேட்டியை நாலாக மடித்து, பின்வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாய் என்பதால் துணி ஆண்குறியை அழுத்தாதபடி கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட வேண்டும். அழுத்தினால் சிறுநீர் கழிக்க மறுப்பான், தோலும் உரியும். துண்டு அவனைத் தொங்கவிடுவதற்கு இல்லை. எடையை அவன் காலே தாங்கட்டும், சறுக்கும்போது பிடிக்க நீங்கள் தயாராக இருந்தால் போதும். இன்னொரு கையில் கழுத்துப்பட்டை. ஒவ்வொரு படிக்கும் நின்று நிதானமாக. ஆட்டோவிலோ காரிலோ அவனே ஏறவும் இறங்கவும் கூடாது, இறங்கும்போதுதான் நாய்கள் திடீரென்று குதித்துவிடும்.

காயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். மஞ்சள் தூள் வேண்டாம். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, எதுவும் வேண்டாம். மஞ்சள் நல்லதுதானே என்று பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். சுத்தமான அறையில் தைத்து மூடிய காயத்தின் மேல் சமையலறைப் பொடியைத் தூவினால் தையலுக்குள் அழுக்குத்தான் சேரும். நாயின் நாக்கில் மருந்து இருக்கிறது என்பதும் கட்டுக்கதை. நக்கித்தான் பாதித் தையல் பிரிகிறது, கிருமி பிளேட் வரைக்கும் இறங்குகிறது. பிளேட்டில் கிருமி பிடித்தால் பல சமயம் பிளேட்டையே கழற்றும்படி ஆகும். ஆகவே கழுத்தில் மாட்டும் கூம்பைத் தையல் பிரிக்கிறவரை, அதாவது 10 முதல் 14 நாள், ராத்திரியிலும் கழற்றாதீர்கள். "பார்க்கவே பாவமாக இருக்கிறது" என்று பத்து நிமிஷம் கழற்றினவர்களின் நாய்க்குத்தான் நான் மறுதையல் போட்டிருக்கிறேன். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், கழற்றலாம். தினமும் ஒரே நேரத்தில் காயத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அதில்தான் தெரியும், டாக்டருக்கு அனுப்பவும் வசதி. குளியல் தையல் பிரித்த பிறகு.

மருந்தில் ஒன்றே ஒன்றைக் கல்லில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மனிதர்களின் வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு முனகினான் என்று வீட்டில் கிடந்த காம்பிஃப்ளாமில் பாதி கொடுத்து, காலையில் ரத்த வாந்தியோடு வருகிற நாய்கள் உண்டு. அதில் இருக்கிற இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததும், அதனால் 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ப்ரூனோவுக்கு எழுதியிருப்பது மெலாக்சிகாமோ கார்ப்ரோஃபெனோ இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, எழுதிய அளவு மட்டும். வாந்தி, சாப்பிட மறுப்பது, தார்போல் கறுத்த மலம் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தோல் அரிப்புக்கென்று முன்பு எழுதிய பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால், இதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சிலர் இதில் ஒரு தந்திரம் சொல்வார்கள். வலி இருந்தால் நாய் அடங்கிக் கிடக்கும், அதனால் வலி மாத்திரையைக் குறைத்துவிடு என்று. கேட்கவே கோபம் வரும் எனக்கு. வலிக்கிற காலை நாய் தூக்கியே வைத்திருக்கும், தொடைத் தசை கரையும், முட்டி இறுகும். துள்ளலை அடக்கத் தடுப்பு இருக்கிறது, தூக்கம் வரவைக்கிற மாத்திரைகளும் இருக்கின்றன. அதை டாக்டரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூந்தியின் இரண்டாவது முட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து டிராசோடோன் கொடுத்துத்தான் சமாளித்தோம்.

நீங்கள் கையால் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது ஐஸ். மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பையை முட்டியில் 10 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, வீக்கம் வடிகிறவரை. உப்பு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் முதல் வாரத்தில் வீக்கத்தைக் கூட்டும். இரண்டாவது, காலை மடக்கி நீட்டுவது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஆபரேஷன் ஆன கால் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையையும் இன்னொரு கையால் கணுக்காலுக்கு மேலேயும் பிடித்து, சைக்கிள் பெடல் மாதிரி மெதுவாகப் பத்துத் தடவை. அவன் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் தள்ளாதீர்கள்.

நடை விஷயத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் சொல்வது இது: முதல் இரண்டு வாரம் சிறுநீர், மலத்துக்கு மட்டும், தடவைக்கு ஐந்து நிமிடம். மூன்று, நாலாவது வாரம் தடவைக்கு ஏழெட்டு நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. ஐந்து, ஆறாவது வாரம் பதினைந்து நிமிடம். ஏழு, எட்டில் இருபது. எல்லாமே குட்டையான கயிற்றில், ஆபீஸ் போகிற வேகத்தில் இல்லை, கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில். இழுத்தால் நீளுகிற கயிறு இருந்தால் பரணில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாக நடத்தி மறுநாள் நொண்டல் அதிகமானால், முந்தைய வாரக் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். வீட்டுக்குள் நடப்பது இந்தக் கணக்கில் சேராது என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் நடையே கிடையாது.

இனி சாப்பாடு. உண்மையைச் சொன்னால் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 38 கிலோ என்கிறீர்கள். பெரிய சட்டம் கொண்ட ஆண் லேப்ரடாருக்குக்கூட 30, 34 கிலோ இருந்தால் நிறைவு. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரித்த கையின் புறங்கையைத் தடவுவதுபோல எலும்பு தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. உங்கள் மேல் முழுக்கப் பழி போட மாட்டேன். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்: ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பசி அடங்கியதைச் சொல்கிற ஒரு மரபணுவில் துண்டு ஒன்று விடுபட்டிருக்கிறது. அதனால் அது தின்றுகொண்டே இருக்கும், கண்ணால் கெஞ்சிக்கொண்டே இருக்கும். 2002இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பின்தொடர்ந்தது. அதில் பாதி நாய்களுக்கு, தன் ஜோடி நாய் தின்றதில் முக்கால் பங்குதான் சாப்பாடு. அவை கிட்டத்தட்ட 2 வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. முட்டிக்கு இதைவிடப் பெரிய மருந்தை நான் பார்த்ததில்லை. மூட்டுக்கென்று விற்கிற குளுக்கோசமின் மாத்திரைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, மீன் எண்ணெய் பரவாயில்லை.

எட்டு வாரம் அவன் ஓடியாடப் போவதில்லை, ஆகவே இன்றைக்கே சாப்பாட்டில் கால் பங்கைக் குறையுங்கள். சோற்றைக் குறைத்து, வெந்த கோழியை அப்படியே விட்டு, வெந்த சுரைக்காய், பீன்ஸ் சேர்த்தால் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும். டிபன் நேரத்தில் ஆளுக்கு அரை இட்லி போடுகிற பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நாலு பேர் வீட்டில் அது இரண்டு இட்லி. அம்மாவிடம் பேசிப் பாருங்கள்.

சும்மா அடைந்து கிடக்கிற நாய்க்கு மூளைக்கு வேலை வேண்டும். இல்லாவிட்டால் தையலைத்தான் பிரிக்கும். பணியாரச் சட்டியின் குழிகளில் சாப்பாட்டைப் போட்டு, ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துவிடுங்கள். பந்தைத் தள்ளித் தள்ளித் தின்ன அரை மணி நேரம் ஆகும். இட்லித் தட்டில் தயிரும் கேரட்டும் போட்டு ஃப்ரீசரில் உறையவைத்தால் மதிய வெயிலுக்கு நக்கிக்கொண்டு கிடப்பான். சட்டி திரும்பவும் பணியாரத்துக்குப் போகுமா என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பூந்திக்கென்று தனிச் சட்டி வந்துவிட்டது.

தீபாவளிக்கு வருவோம். ஐந்தாவது வாரம் என்பதுதான் மோசம்: வலி போயிருக்கும், எலும்பு கூடியிருக்காது. பயந்த நாய் தடுப்பைத் தாண்டும், பால்கனியிலிருந்து குதித்த நாய்களும் உண்டு. ப்ரூனோ போன வருடம் வெடிச் சத்தத்துக்கு என்ன செய்தான்? கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கினான் என்றால், மூன்றாவது வாரமே டாக்டரிடம் பயத்துக்கான மருந்து கேளுங்கள். சும்மா ஒரு சாதாரண நாளில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்று தெரியும். தூக்கத்துக்கு மட்டும் கொடுக்கிற ஏசிபிரோமசின் தனியாகக் கொடுத்தால் உடம்பு கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். அதை மட்டும் எழுதினால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவன் மூலையை உள் அறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டுவிடுங்கள். 2018இலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. அதை உங்கள் தெரு எவ்வளவு மதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாலை ஐந்து மணிக்குள் கடைசி நடையை முடித்துவிடுங்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு தோள்பட்டை வாரும் போடுங்கள், ஒன்று நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பதெல்லாம் பொய். தாராளமாக உட்காருங்கள்.

இடையில் எப்போது பதற வேண்டும்? தேறிக்கொண்டே வந்தவன் திடீரென்று காலைத் தூக்கிவிட்டால். அது எந்த வாரமானாலும் அன்றைக்கே காட்டுங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், கிருமி பிடித்திருக்கலாம், அல்லது முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கிற மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். மெனிஸ்கஸ் கிழிந்தால் சில நாய்கள் நடக்கும்போது "டிக், டிக்" என்று சத்தமே கேட்கும். காயம் ஆறி ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் சின்னத் துவாரம் விழுந்து நீர் கசிந்தாலும் பிளேட்டில் கிருமி என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எட்டாவது வார எக்ஸ்ரேவுக்குப் போகும்போது ஒருவர் முன்னால் போய் டோக்கன் போடட்டும், ப்ரூனோ காரிலேயே இருக்கட்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி கூட்டம் உள்ள இடமானால் மற்ற நாய்களைப் பார்த்ததும் துள்ளுவான். எட்டு வாரம் காத்த எலும்பை வரிசையில் நின்று உடைத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு கூடிவிட்டது என்று படம் சொன்னாலும் அன்று மாலையே பெசன்ட் நகர் கடற்கரை கிடையாது. தொடைத் தசை கரைந்திருக்கும். தையல்காரரின் இன்ச் டேப்பால் இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உட்கார்ந்து எழச் சொல்வது, எட்டுப் போட்டு நடப்பது, மெல்லிய ஏற்றத்தில் நடப்பது என்று இன்னும் நாலைந்து வாரம் கயிற்றிலேயே தசையை ஏற்ற வேண்டும். தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில் வசதி பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. மணலில் ஓடுவது, பந்து எறிவது எல்லாம் நாலு மாதத்துக்குப் பிறகு. பந்தை நான் அப்போதும் எறிய மாட்டேன்.

கடைசியாக, இடது கால். மனிதர்களுக்குக் கபடி, கிரிக்கெட் ஆடும்போது ஜவ்வு படாரென்று அறுகிறது. நாய்க்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய கயிறு மாதிரி மாதக்கணக்கில் நைந்து, ஏதோ ஒரு சாதாரண நாளில் கடைசிப் புரியும் விட்டுப்போகிறது. நைகிற சுபாவம் இரண்டு காலுக்கும் பொது என்பதால், ஏறக்குறைய பாதி நாய்களுக்கு ஓரிரு வருடத்தில் மற்ற முட்டியும் போகிறது. அதை அவன் உட்காரும் விதத்திலேயே நீங்கள் கண்டுபிடிக்கலாம். நல்ல முட்டி உள்ள நாய் இரண்டு குதிகாலையும் உடம்புக்கு அடியில் ஒழுங்காக மடித்து உட்காரும். இடது காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, சோம்பேறி மாதிரி உட்கார ஆரம்பித்தான் என்றால், நொண்டும்வரை காத்திருக்காமல் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பூந்தி அப்படித்தான் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஸ்டைலாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம்.